எண்டாடா பெருங்கொடி: விதையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா?

வித்துப்பெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். என் விதைச் சேகரிப்பில் எண்டாடா என்று சீட்டு ஒட்டிய உறைகள் மூன்று சேர்ந்துவிட்டன. ஒன்றில் 'எண்டாடா கிகாஸ்', இன்னொன்றில் 'எண்டாடா ரீடி', மூன்றாவதில் 'எண்டாடா ஸ்காண்டென்ஸ்' என்று எழுதியிருக்கிறது. எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. கரும்பழுப்பு நிறம், வழவழப்பு, ஐந்து சென்டிமீட்டரை ஒட்டிய அகலம். அழுத்தினால் கொஞ்சமும் அமுங்கவில்லை. கிகாஸ் என்று வந்த உறையில் ஒரு விதைக்கு மட்டும் மேலே லேசான பள்ளம் இருக்கிறது.

விதையை வைத்தே இனத்தைப் பிரிக்க வழி உண்டா? இல்லையென்றால் செடியில் எதைப் பார்க்க வேண்டும்? தமிழில் யானைக்கொழிஞ்சி, வட்டவள்ளி என்று சொல்வது இவற்றில் எதை?

நீர்க்கடம்பு:

பள்ளம் இருந்தால், அதாவது இதய வடிவம் என்றால், கிகாஸ். வட்டமாக இருந்தால் ரீடி. இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம்.

சருகுமான்:

நீர்க்கடம்பு தம்பி சொல்லும் விதி கடற்கரையில் விதை பொறுக்குகிறவர்களின் விதி. பெரும்பாலும் பலிக்கும், ஆனால் அதை நம்பிச் சீட்டு எழுத முடியாது. ஒரே காயில் நடுக்கணுவில் கிடந்த விதை வட்டமாகவும், ஓரக்கணுவில் நெருக்குண்ட விதை கோணலாகவும் இருப்பதுண்டு. ரீடியிலும் பள்ளம் விழுந்த விதை வரும், கிகாஸிலும் பள்ளமே இல்லாதது வரும்.

முதலில் அந்த மூன்றாவது சீட்டைத் தூக்கிப் போடுங்கள். எண்டாடா ஸ்காண்டென்ஸ் என்பது பழைய மூட்டை. லின்னேயஸ் 'மிமோசா ஸ்காண்டென்ஸ்' என்றார், பெந்தாம் அதை எண்டாடாவுக்கு மாற்றினார். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே ஆசியக் கொடி, பசிபிக் கொடி, அமெரிக்கக் கொடி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இன்றைக்கு அந்த மூட்டையைப் பிரித்தால் குறைந்தது மூன்று இனம் வெளியே வருகிறது: ரீடி, ஃபேசியோலாய்டிஸ், கிகாஸ். ஆகவே பழைய தாவரத் தொகுதிகளில் ஸ்காண்டென்ஸ் என்று பார்த்தால், அது எந்த நாட்டுத் தொகுதி என்று பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் புத்தகங்களில் புர்சேதா என்று வருவதும் ரீடியின் இணைப்பெயர்தான். யானைக்கொழிஞ்சி, வட்டவள்ளி இரண்டும் அந்த ரீடியையே குறிக்கும். சில பழைய புத்தகங்கள் அதையே ஃபேசியோலாய்டிஸ் என்றும் போட்டிருக்கும், பதற வேண்டாம்.

பேரினத்தை நிறுவியவர் மிஷேல் அடான்சன், ஆண்டு 1763. பெயரை அவர் எடுத்தது வான் ரீட் தொகுத்த ஹோர்டஸ் மலபாரிகஸ் என்ற மலபார்த் தாவர நூலிலிருந்து, அதாவது மலையாளக் கரையின் வழக்குப் பெயர் அப்படியே பேரினப் பெயராகிவிட்டது. 1825ல் ஸ்பிரெங்கல் வான் ரீட் பெயரையே 'ரீடி' என்று இனத்துக்கு வைத்தார்.

இனி பார்க்க வேண்டியது காய். விதையைப் பார்க்காதீர்கள், காயைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வித்துப்பெட்டி:

ஐயா, என்னிடம் காய் இல்லை. ஒரு மீட்டர் நீளக் காயை யார் தபாலில் அனுப்புவார்கள்? ஆனாலும் சொல்லுங்கள், அனுப்பியவர்களிடம் படம் கேட்டு வாங்கலாம்.

சருகுமான்:

சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவரைக் குடும்பத்தின் காய் சாதாரணமாக எப்படி வெடிக்கும்? இரண்டு விளிம்பிலும் தையல் பிரிந்து, இரண்டு ஓடுகளாகப் பிளந்து, விதை சிதறும். எண்டாடாவில் அது நடக்கவே நடக்காது. காயின் இரண்டு விளிம்பும் தடித்த நார்க்கட்டையாக இறுகிவிடும். முற்றிய பிறகு முதலில் வெளித்தோல் செதில் செதிலாக உரிந்து விழும். அடியில் இருப்பது உள்தோல். அது ஒவ்வொரு விதையையும் தனித்தனியாகச் சுற்றி மூடியிருக்கும். இரண்டு விதைக்கு நடுவே குறுக்குக் கோடு இருக்கும், அந்தக் கோட்டில் காய் துண்டு துண்டாகக் கழன்று விழும். ஒரு துண்டு, ஒரு விதை. பத்துப் பதினைந்து துண்டு கழன்ற பிறகு கொடியில் மிஞ்சுவது விளிம்பு மட்டும்: படம் கழன்ற சட்டம் போல வெறும் வளையமாகத் தொங்கும்.

அந்தச் சட்டம்தான் இந்தப் பேரினத்தின் கையொப்பம். காடுகளில் எண்டாடாவைத் தேடுகிறவர்கள் மேலே இலையைத் தேடிக் கழுத்தை ஒடித்துக்கொள்வதை விட, கீழே விழுந்து கிடக்கும் சட்டத்தைத் தேடுவது புத்திசாலித்தனம். இலை நாற்பது அடிக்கு மேலே மற்ற மரங்களின் இலையோடு கலந்திருக்கும்.

இனப் பிரிவுக்கு வருகிறேன். கிகாஸின் காய் திருகி வளைந்திருக்கும், பல சமயம் சுருளாகவே சுற்றியிருக்கும். ரீடியின் காய் நேராகவோ சற்றே வளைந்தோ தட்டையாகத் தொங்கும். அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை நீளும், அகலம் பதினைந்து சென்டிமீட்டர் வரைகூடப் போகும். அவரைக் குடும்பத்திலேயே மிகப் பெரிய காய்கள் இந்தப் பேரினத்தில்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஃபேசியோலாய்டிஸை இலையில் பிடிப்பது சுலபம். அதில் ஒவ்வொரு சிறகிலும், அதாவது கூட்டிலையின் கிளைக்காம்பிலும், சிற்றிலை ஒன்று அல்லது இரண்டு ஜோடிதான், ஒவ்வொன்றும் பெரியது. ரீடியில் மூன்றிலிருந்து ஐந்து ஜோடி, சிறியவை.

கொடிமுந்திரி:

ஐயா சொன்னதோடு ஊர்க்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிகாஸ் மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி, பிறகு ஆப்பிரிக்காவின் மேற்கும் நடுவும். ரீடி ஆப்பிரிக்கா, மடகாஸ்கரில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியா வரை. ஃபேசியோலாய்டிஸ் தென்கிழக்காசியா, பசிபிக் தீவுகள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. விதை எந்த மரத்தடியில் எடுத்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடற்கரையில் எடுத்ததென்றால் அந்தக் கணக்கு உதவாது. அது எங்கிருந்து வேண்டுமானாலும் மிதந்து வந்திருக்கலாம்.

நீர்க்கடம்பு:

எல்லாம் சரி, ஆனால் பேரினத்தை அறிய இவ்வளவு சுற்று ஏன்? பெருங்கொடி, ராட்சதக் காய், பெரிய விதை. இந்த மூன்றும் சேர்ந்தால் எண்டாடா. முடிந்தது.

குறிஞ்சிவேர்:

நீர்க்கடம்பு அண்ணா, அந்த மூன்றில் ஒன்றுகூடப் பேரினப் பண்பு கிடையாது.

எண்டாடா அபிசினிக்கா கொடியே அல்ல. ஆப்பிரிக்கப் புல்வெளிக் காடுகளில் நிற்கும் சிறு மரம். எண்டாடா ஆஃப்ரிக்கானாவும் அப்படித்தான். இரண்டுக்கும் பற்றுக்கம்பி கிடையாது. காய் சின்னது, துண்டுகள் காகிதம் மாதிரி மெல்லியவை, விதையும் சிறியது. விதையைச் சுமந்த துண்டு காற்றில் பறந்து போகும். அமெரிக்காவில் எண்டாடா பாலிஸ்டாக்கியா பாதிப் புதர், பாதிக் கொடி. அதன் காயும் தட்டையாக, லேசாகத்தான் இருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் காய் துண்டாகக் கழன்று விளிம்பு மிஞ்சுகிறது. கொடியா மரமா என்பதும், விதை நீரில் போகிறதா காற்றில் போகிறதா என்பதும் அந்தந்த இனம் வாழும் இடத்தைப் பொறுத்தது. சட்டம் மட்டும் மாறவில்லை.

நீர்க்கடம்பு:

மரத்தையும் கொடியையும் ஒரே பேரினத்தில் போடுவதே எனக்கு ஒப்பவில்லை. யாரோ அறையில் உட்கார்ந்து செய்த வேலை.

கொடிமுந்திரி:

ஏன் ஒப்பவில்லை? ஏறும் பழக்கம் பூக்கும் தாவரங்களில் எத்தனையோ தடவை தனித்தனியாகத் தோன்றியது. மந்தாரையின் பக்கத்து உறவில் மரமும் உண்டு, மலை ஏறும் கொடியும் உண்டு. எட்டியின் பேரினமான ஸ்ட்ரிக்னோஸில் மரமும் கொடியும் கலந்து கிடக்கின்றன. பழக்கத்தை வைத்துப் பேரினம் பிரித்தால் நெருங்கிய உறவுகள் எல்லாம் சிதறிப்போகும்.

அரும்பு:

நான் இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பற்றுக்கம்பி பற்றி ஒரு சந்தேகம். எண்டாடாவின் பற்றுக்கம்பி தண்டிலிருந்து வருகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திராட்சையில் அப்படித்தானே?

கொடிமுந்திரி:

வாம்மா அரும்பு. திராட்சையில் அப்படித்தான், அங்கே பற்றுக்கம்பி தண்டின் மாற்றுரு. எண்டாடாவில் இல்லை. இங்கே அது இலையின் நுனி.

எப்படி நிச்சயமாகச் சொல்வது? எங்கே முளைத்திருக்கிறது என்று பார். எண்டாடாவின் இலை இருமடிக் கூட்டிலை. நடுக்காம்பில் எதிரெதிராகச் சிறகுகள், ஒவ்வொரு சிறகிலும் எதிரெதிராகச் சிற்றிலைகள். ரீடியில் சிறகு சாதாரணமாக இரண்டு ஜோடி. நடுக்காம்பு அதோடு நிற்காமல் நீண்டு, நுனியில் இரண்டாகக் கவைத்துச் சுருளும். அந்தக் கவை ஏன் இரண்டு? அடுத்து வரவேண்டிய ஒரு ஜோடிச் சிறகுதான் அங்கே கம்பியாக மாறியிருக்கிறது. தண்டிலிருந்து வந்திருந்தால் அது இலைக்கணக்கில் வராது, இலைக்கு எதிரிலோ கக்கத்திலோ இருக்கும். இங்கே இலைக்காம்பைக் கிள்ளினால் பற்றுக்கம்பியும் கூடவே வந்துவிடும்.

ஒப்பிட்டு வைத்துக்கொள், தேர்வுக்கும் உதவும். பட்டாணியில் கூட்டிலையின் நுனிச் சிற்றிலைகள் கம்பியாகின்றன, எண்டாடாவுக்கு நெருங்கிய வழி இது. செங்காந்தளில் தனி இலையின் நுனியே நீண்டு சுருள்கிறது. மந்தாரையும் அவரைக் குடும்பம்தான், அதன் உறவுக் கொடிகளில் கம்பி கிளையின் மாற்றுரு, ஜோடியாகக் கடிகாரச் சுருள் மாதிரி வரும். அவரைக் குடும்பம் ஒன்றுக்குள்ளேயே இப்படி இரண்டு வழி.

அரும்பு:

மிக்க நன்றி அக்கா. அப்படியென்றால் இலை உதிர்ந்தால் பிடியும் போய்விடுமா?

கொடிமுந்திரி:

நல்ல கேள்வி. கம்பி பற்றிச் சுருண்ட பிறகு கட்டை பாய்ந்து இறுகும், சிற்றிலைகள் போன பிறகும் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் வயதான எண்டாடா பற்றுக்கம்பியை நம்பி நிற்பதில்லை. அதற்குள் தண்டே கிளைகளுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருக்கும்.

இன்னொன்று. பற்றுக்கம்பி மெல்லிய குச்சியைத்தான் வளைக்க முடியும். பருத்த அடிமரத்தைச் சுற்ற அதற்கு நீளம் போதாது. அதனால் இளங்கொடி வயதான மரத்தில் நேராக ஏறுவதில்லை. வெளிச்சம் விழும் இடத்தில், சிறு மரங்களும் வேறு கொடிகளும் இருக்கும் பக்கமாகப் பார்த்து ஏறும். ஆற்றோரமும் மரம் சாய்ந்து திறந்த இடமும் இதற்குத் தோதாக அமைவது இதனால்தான். பிறகு அந்தச் சிறு மரம் வளரும்போது இதுவும் கூடவே மேலே போகும். காட்டில் எண்டாடாவின் அடித்தண்டு எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்து, எப்படி ஏறியது என்று திகைப்போம். முதலில் ஏறிய சிறு மரம் செத்து மக்கிப் போயிருக்கும், கொடி மட்டும் அடுத்த மரத்தில் நிற்கும்.

ஓதம்:

தண்டு பற்றிப் பேசும்போது அந்த முறுக்கையும் சொல்லுங்கள் அக்கா. படங்களில் தட்டையாகவும் முறுக்கியும் தெரிகிறதே, வெயில் பக்கம் திரும்பியதாலா?

கொடிமுந்திரி:

வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முற்றிய தண்டு தட்டையாகி, நீள்வாக்கில் திருகியிருப்பது இந்தப் பெரிய எண்டாடாக்களின் வழக்கமான உருவம். தண்டு சுற்றுமுழுக்கச் சமமாகப் பருப்பதில்லை. சில பக்கம் கூட, சில பக்கம் குறைய.

மரத்துக்குத் தண்டு என்றால் தூண். நிமிர்ந்து நின்று தலையைத் தாங்க வேண்டும். கொடிக்கு அந்த வேலையை வேறொருவர் பார்க்கிறார். அதன் தண்டுக்கு வேண்டியது இரண்டு: நீர் ஏற்றுவது, ஒடியாமல் வளைவது. தாங்கி நின்ற மரம் சாய்ந்தால் கட்டையான தண்டு படீரென்று முறியும். தட்டையான, திருகிய, நடுவே மென்திசு கலந்த தண்டு நெளிந்து கொடுக்கும். தரையில் விழுந்த கொடி சாவதில்லை. கிடந்த இடத்திலிருந்து புதுத் தளிர் விட்டு மறுபடி ஏறும்.

நீர் ஏற்றும் கணக்கு இன்னும் ரசமானது. பெருங்கொடிகளின் சைலக் குழாய்கள் மிக அகலமானவை, குறுக்குவெட்டில் வெறுங்கண்ணுக்கே துளையாகத் தெரியும். குழாய்க்குள் ஓடும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். ஆரம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு. அதனால்தான் கை மொத்தத் தண்டு ஒன்று பல மரத் தலைகளில் பரந்த இலைப்பரப்புக்கு நீர் கொடுக்க முடிகிறது. இதற்கு விலையும் உண்டு. அகலக் குழாயில் உறைபனிக் காலத்தில் காற்றுக்குமிழ் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். பெருங்கொடிகள் பெரும்பாலும் பனி உறையாத வெப்பமண்டலத்தில் குவிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீர்க்கடம்பு:

பதினாறு மடங்கு என்பது நல்ல தகவல். பூவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லையே?

குறிஞ்சிவேர்:

பூ பார்க்க ஒன்றும் இல்லை அண்ணா, காயின் அளவைப் பார்த்து பூவைக் கற்பனை செய்தால் ஏமாற்றம்தான். சில மில்லிமீட்டர் பூக்கள், வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், நீண்ட கதிரில் நெருக்கமாக. இதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து, தனித்தனி. மகரந்தப்பை நுனியில் ஒரு சிறு சுரப்பி இருக்கும், பூ விரிந்ததும் உதிர்ந்துவிடும். மொட்டைப் பார்த்தால்தான் அகப்படும்.

பத்து தாள் என்பது முக்கியம். வேல மரத்திலும் வாகையிலும் தாள்கள் எண்ணமுடியாத அளவுக்கு இருக்கும், வாகையில் அடியில் குழலாக ஒட்டியும் இருக்கும். எண்டாடாவை அவற்றிலிருந்து பூவிலேயே பிரித்துவிடலாம்.

ஒரே கதிரில் ஆண் பூவும் இருபால் பூவும் கலந்திருக்கும். கதிர் முழுக்கப் பூத்தாலும் காய் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். அவ்வளவு பெரிய காயை ஒரு கதிர் அதற்கு மேல் தாங்காது.

ஓதம்:

என் பாடத்துக்கு வருகிறேன், மிதக்கும் விதை.

கடல் விதை சேர்ப்பவர்களுக்கு எண்டாடாதான் ராஜா. விதை கனமாகத்தானே இருக்கிறது, எப்படி மிதக்கிறது என்று கேட்பார்கள். விதையை நடுவில் அறுத்துப் பாருங்கள். இரண்டு பருத்த விதையிலைகளுக்கு நடுவில் வெற்றிடம் இருக்கும், அதில் காற்று. வெளியே விதையுறை நீர் புகாமல் இறுகியது. உள்ளே காற்று, வெளியே பூட்டு, அவ்வளவுதான். வெற்றிடம் சிறியதாக அமைந்த விதை மூழ்கிவிடும், எல்லாம் மிதக்கும் என்று எண்ண வேண்டாம்.

கரீபியக் கரையில் ஆற்றில் விழுந்த கிகாஸ் விதை வளைகுடா நீரோட்டத்தில் ஏறி அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நார்வே வரை போய் ஒதுங்குகிறது. கொடியைக் கண்ணால் பார்த்திராத அந்தக் கரை மக்கள் விதையைத் தாயத்தாக வைத்திருந்தார்கள், பிரசவ நேரத்தில் கையில் கொடுத்தார்கள், குடைந்து மூக்குப்பொடி டப்பி செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹான்ஸ் ஸ்லோன் ஆர்க்னி தீவுகளில் ஒதுங்கும் விதைகளைப் பற்றி எழுதினார். அவர் ஜமைக்காவில் இருந்தவர், அங்கே கொடியில் பார்த்த விதையை இங்கே அடையாளம் கண்டுகொண்டார். கடல் நீரோட்டம் எவ்வளவு தூரம் பொருளைச் சுமக்கும் என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சியாக அமைந்தது.

குயின்ஸ்லாந்தில் ஃபேசியோலாய்டிஸ் விதையைக் குடைந்து தீப்பெட்டியாக வைத்திருந்ததால் அங்கே அதற்குத் தீப்பெட்டி அவரை என்றே பெயர்.

வித்துப்பெட்டி:

நார்வேயில் ஒதுங்கிய விதை முளைக்குமா ஓதம்?

ஓதம்:

உயிரோடுதான் போய்ச் சேருகிறது. தொட்டியில், வெதுவெதுப்பில் வைத்து முளைக்க வைத்திருக்கிறார்கள். கரையில் தானாக முளைத்தாலும் முதல் குளிரில் போய்விடும். கடல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது என்பதால் அங்கே குடியேறிவிட்டது என்று பொருளாகாது.

வித்துப்பெட்டி:

என்னிடம் இருப்பதில் ஒன்றை விதைத்துப் பார்க்க ஆசை. தண்ணீரில் ஊறப்போட்டேன், கல்லாக அப்படியே கிடக்கிறது.

சருகுமான்:

ஊறாது. நீர் புகாத உறைதான் அதன் உறக்கத்துக்குக் காரணம், உள்ளே கரு தயாராகத்தான் இருக்கும். அரம் அல்லது உப்புத்தாளால் ஓரத்தில் ஒரே இடத்தில் தேய்க்கவும். கரும்பழுப்பு நீங்கி அடியில் வெளிறிய சதை தெரிந்ததும் நிறுத்தவும். காம்பு ஒட்டியிருந்த தழும்புப் பக்கம் தேய்க்க வேண்டாம், முளைக்குருத்து அங்கேதான் இருக்கிறது. பிறகு இளஞ்சூட்டு நீரில் போட்டு வையுங்கள். விதை உப்பினால் நீர் போய்விட்டது. உப்பாவிட்டால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். உப்பிய விதையை நீரிலேயே விட்டால் அழுகும், உடனே நீர் வடியும் மண்ணுக்கு மாற்றுங்கள்.

விதையிலைகள் மண்ணளவிலேயே நின்றுவிடும், அவரை முளையைப் போலத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வராது. அந்தப் பருத்த விதையிலைகளில் இருக்கும் சேமிப்பு முழுவதும் தளிரை நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நீட்டுவதற்குத்தான். தளிர் விறுவிறுவென்று நீளும், பிடிமானம் தயாராக வைத்திருங்கள். தொட்டியில் வைத்துக் காய் பார்க்கலாம் என்ற கனவு மட்டும் வேண்டாம். இது வனத்தின் கூரையை மூடும் கொடி.

பச்சையம்:

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இந்த விதையைக் கனவு வரவழைக்கும் மருந்து என்று விற்கிறார்கள். பச்சை விதையில் சப்போனின்கள் உள்ளன, தின்றால் வயிறு படாதபாடு படும். சில பழங்குடிகள் இதை உண்பது உண்மை, ஆனால் ஊறவைத்து, நீர் மாற்றி மாற்றி நெடுநேரம் வேகவைத்து நச்சு போக்கிய பிறகு. அந்தச் சப்போனின் காரணமாகத்தான் பட்டை நீரில் நுரைக்கிறது. பிலிப்பைன்ஸில் ஃபேசியோலாய்டிஸ் தண்டை நசுக்கி 'கூகோ' என்று தலைமுடி கழுவப் பயன்படுத்துகிறார்கள். மீன்களை மயக்கிப் பிடிக்கவும் பட்டையை நீரில் கரைப்பார்கள். மீனை மயக்கும் பொருளைக் கனவுக்காக விழுங்காதீர்கள்.

மட்டுறுத்துனர்:

மருத்துவப் பயன், அளவு பற்றிய பதிவுகளை இங்கே தொடர வேண்டாம். பச்சையத்தின் எச்சரிக்கை மட்டும் இருக்கட்டும். இழை தாவரவியலோடு போகட்டும்.

குறிஞ்சிவேர்:

நீர்க்கடம்பு அண்ணாவுக்கு இன்னொரு அதிர்ச்சி வைத்திருக்கிறேன். 2022ல் எலிஃபன்டோரைசா என்ற பேரினம் முழுவதையும் எண்டாடாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். இப்போது எண்டாடாவில் ஏறக்குறைய நாற்பது இனங்கள்.

நீர்க்கடம்பு:

தென்னாப்பிரிக்காவில் தரைக்கு அடியில் பெரிய கிழங்குக்கட்டை வைத்துக்கொண்டு மேலே குட்டையாக முளைக்குமே, அதுவா? அதையும் இந்த ராட்சதக் கொடியையும் ஒன்று என்கிறீர்களா? மரமே பரவாயில்லை போலிருக்கிறது.

குறிஞ்சிவேர்:

அதேதான். காட்டுத்தீ அடிக்கடி வரும் புல்வெளியில் உயிரை மண்ணுக்கடியில் ஒளித்து வைக்கும் உத்தி அது. தீ மேலே உள்ளதைத் தின்றுவிட்டுப் போனதும் அடிக்கட்டையிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்.

டி.என்.ஏ ஒப்பீட்டில் எலிஃபன்டோரைசா இனங்கள் எண்டாடா இனங்களுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, அவற்றின் நடுவிலேயே நின்றன. அதைத் தனியாக வைத்தால் எண்டாடா ஒரு முழு வம்சமாக இருக்காது, நடுவில் ஒரு கிளையை வெட்டிய மிச்சமாகத்தான் இருக்கும். ஆகவே ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. எண்டாடா 1763ஆம் ஆண்டுப் பெயர், மற்றது 19ஆம் நூற்றாண்டில் பெந்தாம் வைத்தது. மூத்த பெயர் நின்றது.

சருகுமான்:

காயைப் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சி அல்ல. எலிஃபன்டோரைசாவின் காயில் ஓடு விதைவிதையாகத் துண்டாவதில்லை, உண்மை. ஓடு முழுசாகக் கழன்று விழும். ஆனால் விளிம்பு? விளிம்பு அப்படியே செடியில் நிற்கும். துண்டாவது பிறகு வந்த பண்பா, மறைந்துபோன பண்பா என்று வாதிடலாம். சட்டம் இருவருக்கும் பொது. டி.என்.ஏ வருவதற்கு முன்பே பழைய ஆட்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இதனால்தான்.

நீர்க்கடம்பு:

காயைக் காட்டி வாயை அடைத்துவிட்டீர்கள் ஐயா. ஆனாலும் எனக்குப் பேரினம் என்றால் காட்டில் நின்று பார்த்ததும் தெரிய வேண்டும். குட்டைச் செடியைப் பார்த்து எண்டாடா என்று என் வாயில் வராது.

சருகுமான்:

காய்க்கிற காலத்தில் போய் நில்லுங்கள், வரும்.

வித்துப்பெட்டி:

புதிய செய்தி. ரீடி என்று அனுப்பியவர் படம் அனுப்பியிருக்கிறார். சிறகு இரண்டு ஜோடி, ஒவ்வொன்றிலும் சிற்றிலை நான்கு ஜோடி. நுனியில் கவைத்த பற்றுக்கம்பி. காய் தட்டை, கீழ்ப்பாதியில் மட்டும் சற்று வளைவு. பழைய காய் ஒன்றின் வெற்றுச் சட்டமும் படத்தில் தொங்குகிறது.

கிகாஸ் என்று அனுப்பியவர் கரீபியத் தீவு ஒன்றின் கரையில் பொறுக்கியதாகச் சொல்கிறார், கொடியைப் பார்க்கவில்லையாம். ஸ்காண்டென்ஸ் உறைக்குப் பதிலே இல்லை.

குறிஞ்சிவேர்:

முதலாவது ரீடி, சந்தேகம் வேண்டாம். ஃபேசியோலாய்டிஸில் நான்கு ஜோடி வராது, கிகாஸில் அந்தக் காய் வராது.

ஓதம்:

இரண்டாவதைக் 'கிகாஸாக இருக்கலாம், கரையில் எடுத்தது' என்று எழுதுங்கள். அந்தக் கரையில் அதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அட்லாண்டிக்கின் மறுபக்கத்து ஆப்பிரிக்காவிலும் எண்டாடாக்கள் இருக்கின்றன, நீரோட்டமும் அங்கிருந்து மேற்கே வருகிறது. எடுத்த கரையின் பெயரைச் சீட்டில் கட்டாயம் போடவும்.

சருகுமான்:

மூன்றாவதற்கு 'எண்டாடா, இனம் அறியப்படவில்லை' போதும். பழைய சீட்டையும் கிழிக்காமல் உறைக்குள்ளேயே வைத்திருங்கள், பின்னால் யாராவது அனுப்பியவரின் கையெழுத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ரீடிக்காரரிடம் ஒரு உதவி கேளுங்கள். இலைக்கொத்து ஒன்றைப் பற்றுக்கம்பியோடு அழுத்திக் காயவைத்து அனுப்பட்டும். காயை முழுசாக அனுப்ப வேண்டாம். நடுவில் இரண்டு துண்டு, நுனியில் ஒரு துண்டு, விளிம்புச் சட்டத்தில் ஒரு சாண் நீளம் போதும். முழுக் காயின் நீள அகலத்தை அளந்து எழுதிவிட்டால் சரி. காய்ப்பகுதி தாளில் ஒட்டாது, தனிப் பெட்டியில் வைத்து, இலைத்தாளுக்குக் கொடுத்த எண்ணையே அதற்கும் கட்டுங்கள்.

வித்துப்பெட்டி:

கேட்டுவிட்டேன் ஐயா. சட்டம் எதற்கு, விதை போன பிறகு குப்பைதானே என்று கேட்கிறார். இந்த இழையின் இணைப்பை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.